பக்கம் நிறைந்தால் போதுமா?

இலக்கியக் கட்டுரை என்றாலே தாள் நிரம்ப எழுத வேண்டும் என்ற எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. பாட்டின் நயத்தைக் கேட்டால், பாடிய புலவரின் ஊர்ப் பெருமையில் தொடங்குகின்றனர், புகழ்மொழியால் பந்தலிடுகின்றனர், பாட்டை நெருங்கும்போது நேரம் முடிந்துவிடுகிறது. பழுது அவர்களுடையது மட்டுமன்று. பக்கத்தை எண்ணி மதிப்பெண் வழங்கும் ஆசிரியரும் நம்மிடையே உளர்.

இது தமிழ் மரபு தந்த பழக்கமா? அன்று என்க. நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று தொல்காப்பிய மரபியலே வரையறுத்தது. ஆங்கே முதலில் நிற்பது கூறியது கூறல். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் அவ்வரிசையை மாற்றினார். குன்றக் கூறலை முதலிலும், மிகைபடக் கூறலை அதனை அடுத்தும் வைத்தார். அழகு பத்தில் சுருங்கச் சொல்லல் முதலாவது. விளங்க வைத்தல் இரண்டாவது. இந்த அடைவைக் கூர்ந்து நோக்க வேண்டும். சான்றை வெட்டி எறிந்துவிட்டு முடிவை மட்டும் நிறுத்துவது சுருக்கமாகாது. அது குன்றக் கூறலே. சுருங்கியது விளங்கவும் வேண்டும்.

சொன்னபடி செய்தும் காட்டினார் பவணந்தியார். எழுத்தும் சொல்லும் உரைக்கத் தொல்காப்பியத்திற்கு 900க்கு மேற்பட்ட நூற்பாக்கள் வேண்டியிருந்தன. நன்னூலில் பாயிரம் நீங்கலாக அவை 407 நூற்பாக்களில் அடங்கின. ஆயினும் அச்செறிவை அவிழ்க்க மயிலைநாதர் முதல் சிவஞான முனிவர் வரை உரைகாரர் பலர் வேண்டியிருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி, மனப்பாடத்தால் காத்த காலம் அது. சொல் ஒவ்வொன்றுக்கும் உழைப்பு விலை இருந்தது.

பின்னர் அச்சு வந்தது. 1835இல் அச்சகம் நடத்த நம்மவர்க்கிருந்த தடை நீங்கியது, உரைநடை பெருகிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தேர்வும் விடைத்தாளும் பெருகின. தாள் மலிந்ததும் சிக்கனம் மறந்தது. “இவ்வாறு ஆராய்ந்து நோக்குமிடத்து இப்பாடலானது இன்பம் பயப்பதாய் அமைந்துள்ளது என்று கூறுவது மிகையாகாது” என்பது போன்ற தொடரை நாள்தோறும் நாம் திருத்துகிறோம். மிகையாகாது என்னும் அத்தொடரே மிகையன்றோ! ‘இப்பாடல் இனியது’ என்றால் இரண்டு சொல். ஏன் இனியது என்று காட்ட மிஞ்சிய இடமெல்லாம் கிடைக்கும். நன்னூலார் சொன்ன மற்றொன்று விரித்தலும், சென்று தேய்ந்து இறுதலும் எவை என்று அறிய இலக்கணம் புரட்ட வேண்டா. விடைத்தாள் கட்டொன்றை அவிழ்த்தால் போதும்.

நீண்ட தொடரைப் புலமை என்று மயங்கியோர் பண்டிதரிலும் இருந்தனர். புரியாதவனைக் கதவுக்கு வெளியே நிறுத்த அது நல்ல தாழ்ப்பாள். 1949இல் மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை வெளிவந்தது. குறள் ஒன்றுக்கு ஓரிரு தொடர், எளிய சொல், கையில் அடங்கும் நூல். பரிமேலழகர் உரையைப் பாடங்கேட்கத் திண்ணை தேடிப் போக வழியற்ற வீட்டுப் பிள்ளையும், விளக்கு வெளிச்சத்தில் தானே அதை விரித்துப் பொருள் அறிந்தான்.