ஆய்வக நூற்புழு வளர்ப்பு

உயிரியல் ஆராய்ச்சிக்காக, ஏறத்தாழ 1 மி.மீ. நீளமே உள்ள சீனோராப்டைடிஸ் பேரின நூற்புழுக்களைத் திரளாகப் பெருக்கும் முறை. இவற்றுள் முதன்மையானது எலிகன்ஸ். அதன் இருபாலிப் புழு துணையின்றித் தானே கருவுற்று 300 குஞ்சுகள் வரை ஈனும். 20 டிகிரி வெப்பத்தில் மூன்று, நான்கு நாளில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கிவிடும்.

எமில் மோபா இப்புழுவை அல்ஜியர்ஸில் கண்டு 1900-இல் விவரித்தார். அதைப் பெருக்குவதில் தடையாக நின்றது தீவனம். மரபியல் ஆய்வுக்கு நூற்புழுக்கள் உதவும் என்று 1948-இலேயே எழுதிய எல்ஸ்வர்த் டகர்ட்டி, பாக்டீரியாவே கலவாத ஊட்டக்கரைசலில் அவற்றை வளர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். அவரிடமிருந்து புழுவைப் பெற்ற சிட்னி பிரென்னர் எளிய வழியைக் கைக்கொண்டார்: அகார் தட்டில் ஓ.பி.50 என்ற ஈ. கோலை பாக்டீரியா. அது மெல்லிய படலமாகவே வளர்வதால் நுண்ணோக்கியில் புழு தெளிவாகத் தெரியும். பிரென்னரின் 1974 கட்டுரைக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது. புகழ் பிரென்னருக்குப் போனது. டகர்ட்டிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கிராம் கணக்கில் புழு வேண்டுமானால் தட்டு போதாது. குடுவையில் உப்புக்கரைசலோடு செறிவான ஈ. கோலையைச் சேர்த்து, காற்று கலக்கும்படி ஓயாமல் குலுக்கி வளர்க்கிறார்கள். கொழுப்பு வகையைச் சேர்ந்த ஸ்டீரால்களைப் புழு தானே உண்டாக்கிக்கொள்ளாது. எனவே கொலஸ்ட்ராலும் இட வேண்டும். அறுவடையின்போது சர்க்கரைக் கரைசலில் சுழற்றினால் உயிருள்ள புழுக்கள் மிதக்கும், கசடு அடியில் தங்கும். ஒரே வயதுப் புழுக்கள் தேவையென்றால் ப்ளீச் கலவை ஊற்றுவார்கள். தாய்ப்புழுக்கள் கரைந்துபோக, ஓட்டின் காப்பில் முட்டைகள் பிழைக்கும். இரையின்றிப் பொரிந்த குஞ்சுகள் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். இரை இட்டதும் எல்லாம் ஒன்றாக வளரும். கூடுதல் புழுக்களைக் கிளிசரால் சேர்த்துத் திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம்.

25 டிகிரியைத் தாண்டினால் எலிகன்ஸின் இனப்பெருக்கம் குன்றும். கொச்சி போன்ற ஊரில் குளிரூட்டிய இன்குபேட்டர் இல்லாமல் இதை வளர்ப்பது கடினம். உறவினமான பிரிக்சே வெப்பத்தை அதிகம் தாங்கும். 2003-இல் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்ட அதன் ஏ.எஃப்.16 வகை குஜராத் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது.

கேரளத்தின் பங்கு இன்னும் பெரிது. திருவனந்தபுரத்தில் அழுகிய பூ, இலைகளில் கிடைத்த ஜே.யூ.1325 வகைப் புழு, பிரிக்சேயோடு கூடி வளமுள்ள பெண் கலப்பினங்களைத் தந்தது. 2014-இல் இந்த இனத்துக்கு, பிரெஞ்சு ஆய்வாளர் விக்டர் நிகோனைப் போற்றும் விதமாக, நிகோனி என்று பெயரிட்டார்கள். இதில் இருபாலி கிடையாது; ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் பெருகும். ஆகவே தனிப்புழு ஒன்றிலிருந்து தட்டு நிறையாது, வளர்ப்புக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வித்து இதிலிருந்து ஜே.யூ.1422 வரிசையை உருவாக்கினார்கள். அதன் மரபணுத்தொகுதி 2018-இல் வெளியானது. தற்கருவுறுதலுக்கு மாறிய பிரிக்சே ஆயிரக்கணக்கான மரபணுக்களை இழந்திருப்பதை இரண்டின் மரபணுத்தொகுதிகளின் ஒப்பீடு காட்டியது.

இத்தகைய புழுக்களைத் தேடிப் பிடிக்க வழி உண்டு: அழுகிய பழத்தை ஓ.பி.50 தடவிய தட்டில் வைத்தால் அதிலுள்ள புழுக்கள் தாமே ஊர்ந்து வெளிவரும். நம் கல்லூரி விலங்கியல் துறைகள் இந்தத் தேடலைத் தொடங்க வேண்டும்.