சோதனையாணையும் இடைக்காலக் காப்பும்

பேச்சுத் தமிழில் ‘வாரண்டு’ என்றவுடன் ஆளைப் பிடிக்கும் ஆணையே பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது. வீட்டைச் சோதிக்கும் ஆணைக்கும் அதுவே பெயர் என்பதை நாம் அவ்வளவாகக் கருதுவதில்லை. முன்னதற்குப் ‘பிடியாணை’ என்னும் நல்ல சொல் நிலைத்துவிட்டது. பின்னதற்குரிய ‘சோதனையாணை’ இன்னும் ஏட்டளவிலேயே நிற்கிறது. அந்த ஆணையின் வரலாற்றில் ஒரு பகுதியையும், அது செல்லுமா என்ற வழக்கு நடக்கும்போது நீதிமன்றம் தரும் தற்காலிகக் காப்பையும் பற்றியது இவ்வுரை.

நம் இலக்கியத்திலேயே தொடங்கலாம். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், சிலம்பு கோவலன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு காவலரை ஏவினான். தேடுதல், கைப்பற்றுதல், தண்டித்தல் ஆகிய மூன்றும் ஒரே வாய்மொழியில் அடங்கிவிட்டன. உள்ளிருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்ற வினா எழுவதற்குள் கோவலன் மாண்டான். கண்ணகி வழக்கை வென்றாள். ஆனால் வழக்குத் தீரும்வரை ஆணையை நிறுத்திவைக்கும் முறை அந்த அவையில் இல்லை. வகுப்பறையில் இக்காதையை ஊழ்வினையோடு முடித்துவிடுகிறோம். நடைமுறைக் குறையையும் மாணவர்க்குக் காட்டினால் என்ன?

இங்கிலாந்திலும் காப்பு தாமதமாகவே வந்தது. 1762 நவம்பரில் ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் ஆணையோடு வந்தவர்கள், ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டில் நான்கு மணி நேரம் துழாவித் தாள்களை அள்ளிச் சென்றனர். அத்தகைய ஆணைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1765இல் கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார். என்டிக்குக்குக் கிடைத்தது 300 பவுண்டு இழப்பீடு. பிறர் கண்பட்ட தாள்களின் மறைவு திரும்பவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்த இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பகாங் அப்போது கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்று. அங்கு வழங்கிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஆகவே சென்னையிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளியும் அவர்தம் லயத்து வீட்டைச் சோதிக்கும் சட்டமும் ஏறத்தாழ ஒரே ஊர்க்காரர்கள்! சோதனையின்போது உடனிருக்கவும், கைப்பற்றிய பொருட்களின் பட்டியலுக்குப் படி கேட்கவும் அச்சட்டம் உரிமை தருகிறது. அவ்வுரிமை யாருக்கு? ‘உரிமையாளர்’ என்று சட்டம் கூறவில்லை. ‘குடியிருப்பவர்’ என்ற பொருள்படும் சொல்லையே ஆள்கிறது. லயம் கம்பெனிக்குச் சொந்தம். கதவுக்கு உள்ளே குடியிருப்பவரோ தொழிலாளி. இந்த ஒரு சொல்லை ‘வீட்டுக்காரர்’ என்று அலட்சியமாக மொழிபெயர்த்தால் லயத்தில் வாழ்வோரின் உரிமை மங்கிப்போகும்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அதற்கென இயற்றப்பட்ட விதிகள் ஆணையின்றியே சோதனையிடும் அதிகாரத்தைக் காவலர்க்கு அளித்தன. ஆணையே இல்லாத இடத்தில் எதன் செல்லுபடியை எதிர்த்து வழக்கிடுவது?

இடைக்காலக் காப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கு அண்மைச் சான்று சென்னையில் உண்டு. 2025 மார்ச் 6 முதல் 8 வரை டாஸ்மாக் தலைமையகத்தில் அமலாக்கத் துறை சோதனையிட்டது. இது நீதித்துறை நடுவர் வழங்கிய ஆணையன்று; துறை அதிகாரியே காரணங்களை எழுதிவைத்து அனுமதிக்கும் சோதனை. அதனாலேயே பிந்தைய நீதிமன்ற ஆய்வு மேலும் இன்றியமையாததாகிறது என்பது என் கருத்து. சோதனை சட்டவிரோதம் என்று தமிழக அரசும் டாஸ்மாக்கும் வழக்குத் தொடுத்தன. மார்ச் 25 வரை மேல்நடவடிக்கை வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் மார்ச் 20இல் கூறியது. பின்னர் வேறோர் அமர்வு விசாரித்து, ஏப்ரல் 23இல் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. மே 22இல் தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, டாஸ்மாக்குக்கு எதிரான நடவடிக்கைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று மாதத்திற்குள் காப்பு வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது. இவற்றுள் எதுவும் இறுதித் தீர்ப்பாகாது. வினா திறந்திருக்கும்வரை கையை நிறுத்திவைப்பதே அதன் வேலை.

இங்கே ‘தடை’ என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். நம் நாளிதழ்கள் இரு வேறு ஆணைகளை இச்சொல்லால் குறிக்கின்றன. ஒன்று, ஒருவரை இன்னது செய்யாதே என்று விலக்குவது. தமிழ்நாட்டுச் சட்டத்தமிழ் அதனை ‘உறுத்துக்கட்டளை’ என்கிறது. மற்றொன்று, நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையை நிறுத்திவைப்பது. மலேசியாவில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1956ஆம் ஆண்டின் அரசு வழக்கு நடவடிக்கைகள் சட்டம் அரசுக்கு எதிராக உறுத்துக்கட்டளை பிறப்பிக்க இடந்தருவதில்லை. நீதிமுறை மறு ஆய்வுக்கு அனுமதி வழங்கும் நீதிபதியோ, நடவடிக்கையை நிறுத்திவைக்கவும் உத்தரவிடலாம். ஆனால் அவர் அவ்வாறு சொன்னாலன்றி அனுமதி மட்டும் நிறுத்திவைப்பாகாது. ‘தடை கேட்டோம், கிடைக்கவில்லை’ என்று திரும்புபவர், எந்தத் தடையைக் கேட்டார் என்று முதலில் வினவ வேண்டியிருக்கிறது.

காலக்கணக்கும் மாறிவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116ஆ பிரிவு, சோதனையிடும் காவல் அதிகாரிக்குக் கணினித் தரவை அணுகும் வழியைத் தருகிறது. என்டிக்கின் தாள்களைத் துழாவ நான்கு மணி நேரம் ஆயிற்று. இன்று லயத்து இளைஞர் ஒருவரின் கைபேசியைப் படியெடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை; மனு எழுதவோ இன்னும் சில நாட்கள் ஆகும்.