ரியோ டி ஜெனீரோவின் காட்சித் தலங்கள்

பிரேசிலின் தென்கிழக்குக் கரையில், குவானபாரா விரிகுடாவின் வாயிலில் அமைந்த ரியோ டி ஜெனீரோ, கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் பாறைக் குன்றுகளாலும் அவற்றினிடையே வளைந்து செல்லும் மணற்கரைகளாலும் உலகப் புகழ் பெற்ற நகரமாகும். போர்த்துக்கீசியர் 1565இல் நிறுவிய இந்நகரம், 1763 முதல் 1960 வரை நாட்டின் தலைநகராக விளங்கியது. பயணிகள் இயற்கையின் கொடை என்று கருதி வியக்கும் இடங்களுள் பல, இங்கே மனிதர் நட்டும் வெட்டியும் கடலைத் தூர்த்தும் ஆக்கியவை. 2012இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை இயற்கை மரபாகக் கொள்ளாமல், மனிதச் செயலும் இயற்கையும் இணைந்து உருவாக்கிய 'பண்பாட்டு நிலத்தோற்றம்' என்று வகைப்படுத்தியது.

பொதுமக்கள் காற்று வாங்குவதற்கென எழுந்த முதல் இடமே இதற்குச் சான்று. 1783இல் நிறைவுற்ற பசேயு பூப்ளிகு என்னும் பூங்கா, நோய் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் உப்பங்கழியைத் தூர்த்து, சிற்பி மேஸ்திரி வாலென்டிம் வடிவமைப்பில் அமைக்கப்பட்டது. கடலைப் பார்த்து நிற்பதற்காக அதன் ஓரத்தில் ஒரு மேடை கட்டினார்கள். பிற்காலத்தில் கடலே அப்பால் தள்ளப்பட்டதால், இன்று அம்மேடையிலிருந்து வீதிகளையும் கட்டடங்களையும் மட்டுமே காண இயலும். நெப்போலியனின் படையெடுப்புக்கு அஞ்சிப் போர்த்துக்கீசிய அரசவை ரியோவுக்கு இடம்பெயர்ந்த 1808ஆம் ஆண்டில் தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டது. நறுமணப் பயிர்களை அயல்நாடுகளிலிருந்து கொணர்ந்து பழக்குவதே அதன் முதல் நோக்கம். உலாவிடமாக அது மாறியது பின்னரே.

நகரின் நடுவே மலைகளைப் போர்த்திருக்கும் டிஜுகா காட்டின் வரலாறு இவை எல்லாவற்றினும் குறிப்பிடத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மலைச் சரிவுகளின் பழங்காடு காப்பித் தோட்டங்களுக்காகவும் விறகுக்காகவும் கரிக்காகவும் அழிக்கப்பட்டது. மரங்கள் போனதும் நகருக்குக் குடிநீர் தந்த ஓடைகள் வறண்டன. அரசு தோட்ட நிலங்களைக் கையகப்படுத்தியது. 1861இல் பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் ஆட்சி, மேஜர் மனுவேல் கோமிஸ் ஆர்ச்சர் என்பவரிடம் காட்டை மீண்டும் வளர்க்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் ஆறு அடிமைகளைக் கொண்டு வேலையைத் தொடங்கி, அருகிலிருந்த காடுகளில் எடுத்த நாற்றுகளை முதன்மையாகக் கொண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் பல்லாயிரம் மரங்களை நட்டார். தண்ணீருக்காக வளர்ந்த காட்டைக் காட்சிக்குரியதாக்கியவர் அவருக்குப் பின் வந்த பிரபு எஸ்கிரான்யோல். பிரெஞ்சு நிலவடிவமைப்பாளர் கிளாசியூவின் துணையோடு அவர் பாதைகளையும் பாலங்களையும் நோக்குமுனைகளையும் அமைத்தார். 1961இல் இது தேசியப் பூங்காவாயிற்று. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட பலா, போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்து, உள்நாட்டு மரங்களை நெருக்கும் அளவுக்குப் பெருகிவிட்டதால், காவலர்கள் இன்று அதனைக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது. மறுபுறம், காடு திரும்பியபோதும் விதைகளைப் பரப்பும் விலங்குகள் தாமாகத் திரும்பவில்லை. அகூட்டி என்னும் கொறிவிலங்கை 2010 முதலும் ஊளைக்குரங்கை 2015 முதலும் கொண்டுவந்து விட்டனர்.

இக்காட்டுக்கு மேலே ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் நிற்கும் கொர்கொவாடோ சிகரத்துக்கு 1884இல் பற்சக்கர ரயில் ஓடத் தொடங்கியது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையை வண்டியின் சக்கரம் கவ்வி ஏறும் முறை இது. நீலகிரி மலை ரயிலில் ஏறியவர்களுக்கு இது புதியதன்று. கொர்கொவாடோ உச்சியில் 1931 அக்டோபர் 12 அன்று திறக்கப்பட்ட இயேசு சிலைக்கான பொருள்களும் இந்த ரயிலிலேயே மேலே சென்றன. 30 மீட்டர் உயரமுள்ள அச்சிலையைப் பிரேசில் பொறியாளர் எய்த்தோர் ட சில்வா கோஸ்டாவும் பிரெஞ்சுச் சிற்பி பால் லான்டோவ்ஸ்கியும் உருவாக்கினர். இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டின் மேல், எளிதில் செதுக்கக்கூடியதும் வெயில் மழைக்குத் தாங்குவதுமான மாக்கல்லின் சிறு முக்கோணச் சில்லுகள் ஒட்டப்பட்டுள்ளன. விரிகுடா வாயிலில் 396 மீட்டர் உயரும் பாவ் டி அசூகார் குன்றுக்குப் பொறியாளர் அகுஸ்டு ஃபெரெய்ரா ராமோஸ் திட்டமிட்ட ரோப் கார், 1912இல் இடையிலுள்ள ஊர்க்கா குன்று வரையும் 1913இல் உச்சி வரையும் இயங்கத் தொடங்கியது.

கடற்கரைகள் உல்லாச இடங்களானது இவற்றுக்குப் பிந்தியே. கோபகபானா 1892 வரை மலைகளால் துண்டிக்கப்பட்ட வெறும் மணல்வெளியாக இருந்தது; அந்த ஆண்டு டிராம் நிறுவனம் ஒன்று குடைந்த சுரங்கப்பாதை அதனை நகரோடு இணைத்தது. மேயர் பெரெய்ரா பாசோஸ் காலத்தில் கடலோரச் சாலை எழுந்தது. 1923இல் கோபகபானா பேலஸ் ஓட்டல் திறக்கப்பட்டது. மக்கள் ஆரம்பத்தில் கடலில் இறங்கியது விளையாட்டுக்காகவன்று, வைத்தியத்துக்காக. சாலையை விரிக்க இடம் வேண்டி, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், லிஸ்பன் ஆய்வுக்கூடம் ஒன்றின் சோதனைகளின் அடிப்படையில், வேறிடத்திலிருந்து மணலை வாரிக் கொட்டி இக்கரை அகலப்படுத்தப்பட்டது. ஆக, படங்களில் காணும் பரந்த மணல்வெளியின் வயது அரை நூற்றாண்டைச் சற்றே தாண்டியது. நிலவடிவமைப்பாளர் ரொபேர்த்து புர்ல மார்க்ஸ் அதன் நடைபாதைக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கற்களால் கோலம் வகுத்தார். அங்குள்ள அலை வடிவம் மட்டும் அவருக்கு முந்தியது. லிஸ்பனின் ரோசியு சதுக்கத்திலிருந்து வந்தது.

கடலுக்கு மண் போட நகரம் தன் குன்றுகளையே வெட்டியது. காலனிக்கால நகரம் வளர்ந்த காஸ்டெலோ குன்று 1920களின் தொடக்கத்தில் தகர்க்கப்பட்டது. அதில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதைச் சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் கூறுவதில்லை. 1950களில் வெட்டப்பட்ட சாந்த்து அந்தோனியு குன்றின் மண்ணால் ஃபிளமெங்கு கரையின் முன் ஒரு பெருந்திடல் உருவாயிற்று. பொறியாளர்கள் அதில் விரைவுச் சாலைகளை மேலும் மேலும் போட எண்ணியிருக்க, கட்டடக்கலைப் பட்டம் எதுவும் பெறாத லோட்டா டி மசேடு சுவாரிஸ் என்னும் பெண்மணி, ஆளுநர் கார்லோஸ் லசெர்டாவின் ஆதரவோடு சாலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் செய்து, புர்ல மார்க்ஸ், கட்டடக்கலைஞர் அஃபோன்சு ரெய்தி ஆகியோரைக் கொண்டு பூங்காவை அமைத்தார். அது 1965இல் திறக்கப்பட்டது.

இத்தனை வேலைக்கும் பின்புலமான விரிகுடா நீர் மட்டும் இன்னும் தூய்மையாகவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் கழிவுநீர் அதில் கலப்பதால், ஒரு காலத்தில் நகரத்தார் குளித்த போத்தஃபோகு, ஃபிளமெங்கு கரைகள் நீண்ட காலமாகக் குளிக்கத் தகாதவையெனப் பெயரெடுத்தன; கூட்டம் திறந்த பெருங்கடலை நோக்கிய கோபகபானா, இபனேமா கரைகளுக்கு நகர்ந்தது. 2016 ஒலிம்பிக் போட்டிக்குள் கழிவுநீரில் 80 விழுக்காட்டைச் சுத்திகரிப்பதாக அளித்த உறுதி நிறைவேறாமலே, பாய்மரப் படகுப் போட்டிகள் அவ்விரிகுடாவில் நடந்தேறின.