மச்சாளா, சகோதரியா? ‘டாக்டர் ஹூ’ தொடரில் ஓர் உறவுச்சொல்

அறிவியல் புனைவுத் திரையில் கறுப்பினப் பெண்களின் வரலாற்றை 1966இன் ‘ஸ்டார் ட்ரெக்’ உஹுராவில் தொடங்குவது வழக்கம். அந்தக் கதை போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டுரை வழக்காடுவது டயானா மாஃபே 2018இல் வெளியிட்ட நூலோடு. ‘28 டேஸ் லேட்டர்’, ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ உள்ளிட்ட நான்கு திரைப்படங்களையும் இரண்டு தொலைக்காட்சித் தொடர்களையும் எடுத்துக்கொண்டு, கறுப்பினப் பெண் என்றால் ஓரத்தில் நிற்பவள் என்னும் மரபை இவற்றின் பாத்திரங்கள் கவிழ்க்கின்றன என்று அவர் வாதிடுகிறார். அப்பாத்திரங்களில் ஒருத்தி, பிரிட்டிஷ் காலப்பயணத் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’வின், 2007இல் ஒளிபரப்பான மூன்றாம் தொடரில் வரும் மார்த்தா ஜோன்ஸ். மருத்துவ மாணவி, இறுதி அத்தியாயத்தில் ஓராண்டு உலகெங்கும் நடந்து மனிதகுலத்தை ஒன்றுதிரட்டுபவள். இவள் ஓரத்துப் பாத்திரமல்ல என்பதில் எனக்கு மாறுபாடில்லை. எல்லையைப் போட்ட இடத்தில்தான் மாறுபடுகிறேன். மாஃபே எடுத்தது மூன்றாம் தொடரை. நான் காட்ட விரும்பும் சான்று இரண்டாம் தொடரின் கடைசியில் கிடக்கிறது.

1 ஜூலை 2006இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில் லண்டன் கேனரி வார்ஃப் கோபுரத்து அலுவலகத்தில் அடியோலா ஓஷோடி என்றொரு பெண் வேலை செய்கிறாள். தொடரின் எதிரிகளான சைபர்மேன்கள் அவள் மூளையைக் கைப்பற்றுகிறார்கள். அத்தியாயம் முடியுமுன் இறந்துபோகிறாள். நடித்தவர் ஃப்ரீமா அஜிமன். நான்கே நாளில், 5 ஜூலை அன்று, அதே நடிகை, தொடரின் நாயகனான டாக்டரின் புதிய துணைப்பயணி மார்த்தா என அறிவிக்கப்பட்டார். ஒரே முகம் இருமுறை வந்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 31 மார்ச் 2007இல் ஒளிபரப்பான மார்த்தாவின் முதல் அத்தியாயம் ஒற்றைச் சொல்லால் அதைச் சமாளித்தது: அடியோலா அவளுடைய ‘கசின்’.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் உறவைச் சொல்வதுபோல் சொல்லி மறைத்துவிடுகிறது. கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் இந்தத் தொடரைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அதைத் தமிழில் சொல்லப் புகுந்தால், முதலில் கேட்க வேண்டியது: மச்சாளா, ஒன்றுவிட்ட சகோதரியா? மார்த்தாவின் தந்தை கிளைவ் ஜோன்ஸ். அடியோலா பெரியப்பா, சித்தப்பா மகளாக இருந்தால் அவளும் ஜோன்ஸ் ஆகியிருப்பாள். மணமாகிக் குடும்பப்பெயர் மாறியிருக்கலாம் என்று மறுக்கலாம். ஆனால் அடியோலா என்ற பெயரும் யோருபாப் பெயர்தான். ‘அடே’ என்றால் அம்மொழியில் மணிமுடி. ஓஷோடியோ லாகோஸ் நகரின் ஒரு பகுதிக்கும் பெயர். எஞ்சுவன மூன்று: அத்தை மகள், மாமன் மகள், பெரியம்மா அல்லது சித்தி மகள். நான் மாமன் மகள், அதாவது மச்சாள், என்பேன். அப்படியானால் மார்த்தாவின் தாய் ஃபிரான்சீன், பிறந்த வீட்டில் ஓஷோடி. ஜோன்ஸ் என்ற பெயருக்கு அடியில் ஒரு நைஜீரியத் தாய்வழி ஓடுகிறது. சான்று மெலிந்தது என்பதை ஒப்புகிறேன். ஆயினும் பாத்திரங்களின் பெயர்களோடு முரண்படாமல் அதிகம் விளக்குவது இந்த வாசிப்பே. உறவுச்சொல் எழுதப்பட்டது நடிகையைத் தேர்ந்தபோதா, பிறகு கதை எழுதும்போதா என்ற கேள்வியைத் திறந்தே விடுகிறேன்.

எழுதிய நாள் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். ஆப்பிரிக்கப் பெயருள்ளவள் இறந்தாள்; ஆங்கிலப் பெயருள்ளவள் நாயகியானாள். இதைக் கவிழ்ப்பு என்பதைவிடப் பழுதுபார்ப்பு என்பதே பொருந்தும்.

மாஃபேயின் பக்கம் வலுவாக நிற்கும் காட்சி 1913ஆம் ஆண்டுப் பள்ளியில் நிகழும் கதையில் உண்டு. அங்கே பணிப்பெண்ணாக இருக்கும் மார்த்தா, தன்னை மருத்துவம் படித்தவள் என நம்ப மறுக்கும் வெள்ளையினச் செவிலியிடம் கையெலும்புகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறாள். அருமையான காட்சி. ஆனால் இக்கதைக்கு மூல வடிவம் ஒன்று உண்டு: பால் கார்னெல் 1995இல் எழுதிய நாவல். அதில் துணைப்பயணி பெர்னீஸ் சம்மர்ஃபீல்ட், வெள்ளையினத் தொல்லியலாளர். அவர் பணிப்பெண் அல்ல. அதே கார்னெல் தொலைக்காட்சிக்கு எழுதியபோதுதான் துடைப்பம் வந்தது. காலத்துக்கு உண்மையாக இருக்க வேறு வழியில்லை என்று வாதிடலாம். அதைப் பாதி ஏற்கிறேன். மீதிப் பாதி: முதலில் தாழ்த்திவிட்டுப் பிறகு எழுப்பும் அமைப்பு, பாத்திரத்தின் வெற்றியாக மட்டும் எண்ணத்தக்கதல்ல.

கவிழ்ப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு பார்க்கிங்கிலிருந்து பார்க்கும்போது கூடுதலாகத் தெரிகிறது. அடியோலா திரையில் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 2006 மே உள்ளாட்சித் தேர்தலில், வெள்ளையின மேலாதிக்கம் பேசிய பிரிட்டிஷ் தேசியக் கட்சி பார்க்கிங் அண்ட் டேகனம் மன்றத்தின் 51 இடங்களில் 12ஐப் பிடித்தது. 2010இல் அத்தனையையும் இழந்தது. அந்தத் தேர்தலும் அந்த அத்தியாயமும் காரணகாரியமாக இணைந்தவை என்று நான் சொல்லவில்லை. 2021 கணக்கெடுப்பில் இந்த வட்டாரத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். தேம்ஸ் ஓரமாக மேற்கே, கேனரி வார்ஃப் அலுவலகங்களுக்கு இங்கிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, காலப்பயண மருத்துவ மாணவியைவிட மாலையில் வீடு திரும்பாத ஊழியரையே அதிகம் தெரியும்.

26 ஜனவரி 2020இல் கறுப்பின நடிகை ஜோ மார்ட்டின் டாக்டராகவே தோன்றினார். அந்த வரிசையை மார்த்தாவிலிருந்து எண்ணுவது பிழை. முதலில் எழுத வேண்டிய பெயர் அடியோலா ஓஷோடி.