ரத்தமே கையிருப்பு, ரத்தமே உயிர்: ‘வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்டிரகள்’ அட்டை விளையாட்டு

‘வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்டிரகள்’, ரத்தம் குடித்து வாழும் வாம்பயர்களைக் கருவாகக் கொண்ட வியூக அட்டை விளையாட்டு. ஒருவர் பின் ஒருவராக முறை வைத்து ஆடப்படுவது. நால்வர் அல்லது ஐவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. இருவர் மோதும் அட்டை விளையாட்டுகளே மிகுந்திருக்கும் நிலையில் இதன் தனித்தன்மை அதுதான்.

1994 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட். அதற்கு முந்தைய ஆண்டு ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டை உலகிற்குத் தந்தவரும் இவரே. கதைக்களம், 1991ல் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் வெளியிட்ட ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ என்ற பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டிலிருந்து வந்தது. 2004ல் வெளியான ‘பிளட்லைன்ஸ்’ கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த உலகமும் அதன் குலப்பெயர்களும் அந்நியமாக இரா.

முதலில் இதற்கு வைக்கப்பட்ட பெயர் ‘ஜிஹாட்’. மூத்த வாம்பயர்களுக்கு இடையே முடிவின்றி நடக்கும் போரைக் குறிக்க, எழுத்தைச் சற்று மாற்றி அச்சொல்லைக் கதையில் பயன்படுத்தியிருந்தனர். ஒரு சமயத்தாரின் புனிதச் சொல் கடைத்தட்டில் ரத்தம் குடிக்கும் கதைக்குத் தலைப்பாக இருப்பது சரியல்ல என்பது நம் வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1995ல் பெயர் மாற்றப்பட்டது.

தமிழிலும் இத்தகைய ஒரு பெயர்ச் சிக்கல் உண்டு. ‘வாம்பயர்’ என்பதை ‘ரத்தக் காட்டேரி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் காட்டேரியம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் பல. கிழக்கு ஐரோப்பியக் கதைகளில் கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணத்திற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பொருந்தாது. வாம்பயர் என்றே எழுதுவது மேல்.

ஆட்டத்தில் நீங்கள் சாதாரண வாம்பயர் அல்ல. வாம்பயர்களைத் திரைமறைவிலிருந்து ஆட்டிவைக்கும் மிகப் பழைய ஒருவர். ‘மெத்தூசலா’ என்பது பட்டம். உங்கள் முன்னால் இரண்டு கட்டுகள் இருக்கும். குறைந்தது 12 வாம்பயர் அட்டைகள் கொண்ட கட்டுக்குக் ‘கல்லறை’ என்று பெயர். 60 முதல் 90 அட்டைகள் கொண்ட மற்றொன்று ‘நூலகம்’. செயல்களும் ஆயுதங்களும் தந்திரங்களும் இதில் அடங்கும். கையில் எப்போதும் 7 அட்டைகள். ஒன்றைப் பயன்படுத்தினால் உடனே இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். அதனால் அட்டைகளைப் பதுக்கி வைப்பவரைவிடத் தயங்காமல் பயன்படுத்துபவருக்கே புதிய வழிகள் திறக்கும்.

ஒவ்வொருவரும் 30 ரத்தத்துடன் தொடங்குகிறார். அது தீர்ந்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். ஆனால் வாம்பயர்களைக் களத்தில் இறக்குவதற்கும் அந்த 30லிருந்துதான் செலவழிக்க வேண்டும். கொள்ளளவு 8 உள்ள ஒரு வாம்பயரை எழுப்ப 8 ரத்தம் போகும். அப்படி மூன்று பேரை எழுப்பினால் மீதி வெறும் 6. ஒரே தாக்குதலில் 6 ரத்தத்தை உறிஞ்சுவது நன்கு அடுக்கிய கட்டுக்குப் பெரிய காரியமில்லை. கடையைப் பெரிதாகக் கட்டிவிட்டுக் கல்லாவில் சில்லறை இல்லாமல் நிற்கும் வியாபாரியின் நிலைதான். புதிதாக ஆடுவோர் பலரும் இங்கேதான் விழுகிறார்கள்.

அடுத்தது உட்காரும் வரிசை. இடப்பக்கம் இருப்பவர் உங்கள் ‘இரை’. வலப்பக்கம் இருப்பவர் உங்களை வேட்டையாடுபவர். இரை வெளியேறினால் உங்களுக்கு 1 வெற்றிப் புள்ளியும் 6 ரத்தமும் கிடைக்கும். அவரை வீழ்த்தியது வேறொருவராக இருந்தாலும் பரிசு உங்களுக்கே. அதன்பின் அவருக்கு அப்பால் இருந்தவர் உங்கள் புதிய இரையாகிறார்.

இந்த ஒரு விதியிலிருந்தே ஆட்டத்தின் அரசியல் முழுவதும் முளைக்கிறது. உங்களைத் தொல்லை செய்யும் வலப்பக்கத்தவரை அடித்து நொறுக்கலாம் என்று தோன்றும். ஆனால் அவர் வெளியேறினால், அவருக்குப் பின்னால் இருப்பவர் 6 ரத்தம் பெற்றுத் தெம்போடு உங்கள் முதுகுக்குப் பின் வந்து உட்காருவார். உங்கள் இரையின் இரை பலவீனமாக இருந்தால் அதுவும் ஆபத்து. அவரை விழுங்கிவிட்டு உங்கள் இரை கொழுத்துவிடும். ஆகவே மேசையின் எதிர்ப்பக்கம் இருப்பவரைக் காப்பாற்றுவது பல நேரங்களில் உங்கள் வேலையாகிவிடுகிறது. உங்களை நோக்கி வரும் உறிஞ்சலைத் திசைதிருப்பி உங்கள் இரையின் மீதே பாயவைக்கும் அட்டைகளும் உண்டு. வலப்பக்கத்தவர் சிரமப்பட்டுச் செய்த தாக்குதலில் உங்களுக்குப் புள்ளி கிடைக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாக்கெடுப்பும் உண்டு. ‘பிரின்ஸ்’ பதவியில் உள்ள வாம்பயருக்கு 2 வாக்குகள், ‘ஜஸ்டிகார்’ பதவிக்கு 3. யாருடைய ரத்தத்தைக் குறைப்பது என்பதை மேசையே பேரம் பேசி முடிவு செய்யும். சண்டையில் சாய்ந்து கிடக்கும் வாம்பயரை இன்னொரு வாம்பயர் குடித்தே அழித்துவிட்டால், குற்றவாளியை வேட்டையாடலாமா என்று அனைவரும் வாக்களிக்க வேண்டும். வாயே திறக்காமல் ஆடுபவர் இதில் வெல்வது கடினம். போட்டிகளில் ஒரு சுற்றுக்கு 2 மணி நேரம். நேரம் முடிந்தும் மேசையில் எஞ்சியிருப்போருக்குத் தலா அரைப் புள்ளி.

இவ்விளையாட்டு இரண்டு முறை கைவிடப்பட்டது. 1996ல் வந்த விரிவாக்கத்திற்குப் பின் முதல் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2000ல் ஒயிட் வுல்ஃப் மீண்டும் தொடங்கியது. 2010ல் அதுவும் நின்றது. அச்சு நின்றால் இவ்வகை விளையாட்டுகள் பழைய பொருள் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விடுவதே வழக்கம். இதன் ஆட்டக்காரர்களோ தங்கள் அமைப்பின் வழியாகப் போட்டிகளைத் தொடர்ந்து நடத்தினர். புதிய அட்டைகளைத் தாங்களே வடிவமைத்து இலவசமாக இணையத்தில் வெளியிட்டனர். வீட்டில் அச்சிட்டு உறையில் செருகி ஆடலாம். போட்டிகளிலும் அவை ஏற்கப்பட்டன. இணையத்தில் அவரவர் நேரத்திற்கேற்ப முறை எடுத்து ஆடும் தளத்தையும் ரசிகர்களே நடத்தினர். 2018ல் உரிமம் பெற்று அச்சை மீண்டும் தொடங்கிய பிளாக் சான்ட்ரி புரொடக்‌ஷன்ஸ் நிறுவனமும் இந்த ஆட்டக்காரர் கூட்டத்திலிருந்து எழுந்ததே.

சீட்டு என்றாலே சூது என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. இதில் பணம் வைத்து ஆடும் வழக்கமில்லை. இருந்தாலும் முன்பு அட்டைகள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலங்களாக விற்கப்பட்டன. அரிய அட்டை கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்கத் தூண்டும் முறை அது. கணினி விளையாட்டுகளில் அதே முறையில் விற்கப்படும் ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகள் சிலவற்றை 2018ல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே அறிவித்தது. பிளாக் சான்ட்ரி அந்தப் பொட்டல முறையைத் தொடரவில்லை. 2020ல் வந்த ஐந்தாம் பதிப்பு, மால்கேவியன், நொஸ்ஃபெராட்டு, டொரியடோர், டிரெமியர், வென்ட்ரூ ஆகிய குலங்களுக்கு ஒன்றாக ஐந்து கட்டுகளாக வெளியானது. எந்தக் கட்டில் எந்த அட்டை என்பது முன்கூட்டியே தெரியும்.

ஐவர் சேர்ந்து ஆளுக்கொரு கட்டு வாங்கினால் அன்றைக்கே ஆடத் தொடங்கலாம். விதிநூலை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அட்டைகளில் உள்ள ஆங்கிலம் சற்று நுணுக்கமானது. முதல் ஆட்டத்தில் விதி தெரிந்த ஒருவர் உடன் இருப்பது நல்லது. ரத்தத்தை எண்ணிக் கணக்கு வைக்க மணிகள் தேவைப்படும். சோளிகளோ புளியங்கொட்டைகளோ இருந்தாலும் போதும்.