உலக வணிக அமைப்பும் சேலம்–நாமக்கல் சமவெளியும்

இந்தியா 1948இல் காட் என்ற சுங்கவரி–வணிகப் பொது உடன்பாட்டிலும், 1995இல் அதன் தொடர்ச்சியாக வந்த உலக வணிக அமைப்பிலும் தொடக்க உறுப்பினர். அந்த விதிகள் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி, விசைத்தறி, வெள்ளைக்கல், முட்டை ஆகிய தொழில்களைத் தொட்ட வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. நாடு உடன்பாட்டில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகே இச்சமவெளி அதன் முழு விளைவைக் கண்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கிய 2000–2001தான் இங்கு உண்மையான நுழைவுக் காலம்.

முன்வரலாறு

வெளிநாட்டுச் சந்தை சேலத்துக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு வணிகப் பிரதிநிதி ஒருவரை அமர்த்தி, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கியது. அப்பொறுப்பில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் இரும்புத்தாதுவை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அக்காலத்தில் வாங்குவதும் விலை வைப்பதும் கம்பெனியின் கையில் இருந்தன. 1932 ஒட்டாவா மாநாடு, பிரிட்டிஷ் பேரரசுக்குட்பட்ட நாடுகளின் சரக்குக்கு வரிச்சலுகை தரும் முறையை வகுத்தது. அதில் இந்தியக் குழுவில் இருந்த கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டு, பின்னர் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

காட் உடன்பாடும் ஜவ்வரிசியும்

1947 அக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் 23 நாடுகள் காட் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்தியாவுக்கு உடன்பாடு 1948 ஜூலை 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை உள்ள வளரும் நாடு இறக்குமதியை அளவிட்டுத் தடுக்கலாம் என்று உடன்பாட்டின் 18ஆம் பிரிவு இடம் கொடுத்தது. இந்தியா அந்தச் சலுகையைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. உரிமம் இல்லாமல் பெரும்பாலான நுகர்பொருள்கள் துறைமுகத்தைத் தாண்ட முடியவில்லை.

இத்தகைய பாதுகாப்பின் பயனைச் சேலம் அதற்கு முன்பே அறிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து வந்திருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கு மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். போர் முடிந்து வெளிச்சரக்கு திரும்பியதும் உள்ளூர் ஆலைகள் அரசிடம் பாதுகாப்புக் கேட்டுச் சென்றன. மரவள்ளி மானாவாரியிலும் தாங்கும் பயிர் என்பதால் ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் பரவியது. சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளும் பெருகின. இடைத்தரகர்களின் பிடியைத் தளர்த்த 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஆலைகள் சரக்கைச் சங்கக் கிடங்கில் வைக்க, வணிகர்கள் அங்கே ஏலம் எடுத்தனர்.

டங்கல் வரைவும் மராகேஷும்

1986இல் உருகுவேயில் தொடங்கிய காட் பேச்சுவார்த்தை வேளாண்மை, ஜவுளி, அறிவுசார் சொத்துரிமை ஆகியவற்றையும் விதிகளுக்குள் கொண்டுவந்தது. காட் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் 1991 டிசம்பரில் வெளியிட்ட வரைவு, டங்கல் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டுப் பொதுக்கூட்டங்களிலும் அடிபட்டது. விதை உரிமை பறிபோகும், மானியம் போகும் என்பவை உழவர் சங்கங்களின் முதன்மையான அச்சங்கள். 1994 ஏப்ரல் 15 அன்று மராகேஷில் இந்தியா இறுதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு பிறந்தது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது.

1,429 பொருள்களின் கட்டுப்பாடு நீக்கம்

அந்நியச் செலாவணிக் கையிருப்பு உயர்ந்துவிட்டதால் 18ஆம் பிரிவின் சலுகை இனி இந்தியாவுக்குப் பொருந்தாது என்று அமெரிக்கா 1997இல் உலக வணிக அமைப்பில் வழக்கிட்டது. 1999 ஆகஸ்டில் அதன் மேல்முறையீட்டு அமைப்பும் அமெரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்படி 2000 ஏப்ரல் 1 அன்று 714 பொருள்களுக்கும், அடுத்த ஆண்டு அதே நாளில் 715 பொருள்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. அப்போது வணிகத் துறை அமைச்சர் முரசொலி மாறன். உணர்திறன் மிக்க 300 பொருள்களின் இறக்குமதியைக் கண்காணிக்க அவரது அமைச்சகம் தனி ஏற்பாடு செய்தது. 2001 நவம்பர் தோஹா மாநாட்டில் முதலீடு, போட்டிக் கொள்கை போன்ற புதிய தலைப்புகளைச் சேர்ப்பதை அவர் கடைசிவரை எதிர்த்தார். வெளிப்படையான கருத்தொற்றுமை இருந்தால்தான் அவற்றில் பேச்சு தொடங்கும் என்ற விளக்கத்தைப் பெற்ற பிறகே இந்தியா இசைந்தது.

அளவுக் கட்டுப்பாடு போன இடத்தில் சுங்கவரி மட்டுமே அரணாக நின்றது. அமெரிக்கர்கள் நெஞ்சுக்கறியை விரும்புவதால் அங்கே கோழிக்கால் மலிவு. அது இந்தியச் சந்தையில் குவியாமல் தடுக்க 100 சதவீத வரி விதிக்கப்பட்டது. எஃகு உலைகளின் உட்சுவருக்குப் பயன்படும் சேலம் வெள்ளைக்கல்லுக்கு, அதாவது மேக்னசைட்டுக்கு, அப்படிப்பட்ட அரண் அமையவில்லை. மலிவான சீனச் சரக்கு அதன் சந்தையைச் சுருக்கியது. சேலம் உருக்காலை தயாரிக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கு நிலைமை சற்று மாறுபட்டது. சீன அரசு தரும் மானியத்தை ஈடுசெய்ய விதிகள் அனுமதிக்கும் எதிரீட்டு வரியை இந்தியா 2017இல் விதித்து, 2021இல் நிறுத்திவைத்தது.

ஜவுளி ஒதுக்கீடு

ஜவுளி காட் விதிகளுக்கு நெடுங்காலம் விலக்காக இருந்தது. 1974 முதல் பல்லிழை ஏற்பாட்டின்கீழ் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு துணி வரலாம் என்று உச்சவரம்பு வைத்தன. இந்தியாவின் பங்கை ஏற்றுமதிக் கவுன்சில்கள், பெரும்பாலும் முந்தைய ஏற்றுமதி அளவைப் பார்த்து, பிரித்துக் கொடுத்தன. எனவே பழைய ஏற்றுமதியாளருக்கே முதலிடம். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு விசைத்தறிகள் பிறருக்குக் கூலிக்கு நெய்யும் நிலையிலேயே இருந்தன. நான்கு கட்டங்களாகத் தளர்ந்த ஒதுக்கீடு 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் நீங்கியது. அன்று வழி திறந்தது இந்தியாவுக்கு மட்டுமல்ல, 2001 டிசம்பரில் உறுப்பினரான சீனாவுக்கும்தான்.

முட்டையும் ஜெனீவா வழக்கும்

1970களில் வேரூன்றிய நாமக்கல் கோழிப்பண்ணைத் தொழில், 1982இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் விலை அறிவிப்பால் நிலைபெற்றது. பண்ணையாளர் அதை நெக் விலை என்பர். வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும் முட்டை போய்க்கொண்டிருந்த வேளையில், 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டது. நோய் நாமக்கல்லிலிருந்து வெகுதொலைவில் இருந்தும், வாங்கும் நாடுகள் பல இந்திய முட்டை முழுவதையும் நிறுத்தின.

இந்தியாவும் பிற நாடுகளுக்கு இதையே செய்தது. ஒரு நாட்டில் எங்கேனும் பறவைக் காய்ச்சல் அறிவிக்கப்பட்டால், வீரியம் குறைந்த வகையானாலும், அந்நாட்டுக் கோழி இறைச்சி, முட்டை அனைத்துக்கும் தடை விதித்தது. அமெரிக்கா 2012 மார்ச்சில் உலக வணிக அமைப்பில் முறையிட்டது. உள்நாட்டில் நோய் கண்டால் இந்தியா சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்டுப்பாடு வைத்துவிட்டு, அயல்நாட்டுக்கு மட்டும் முழுத்தடை போடுவது பாரபட்சம் என்பது வழக்கின் சாரங்களுள் ஒன்று. 2014 அக்டோபரில் நடுவர் குழுவும், 2015 ஜூனில் மேல்முறையீட்டு அமைப்பும் இந்தியாவுக்கு எதிராக முடிவு கூறின. நோயற்ற வட்டாரத்தைத் தனியே ஏற்கவேண்டும் என்ற சுகாதார உடன்பாட்டு விதியை இந்தியத் தடை மீறியதாக அவை கண்டன. ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி நடவடிக்கை எடுக்க அமெரிக்கா அனுமதி கேட்டது. வழக்கு 2023 செப்டம்பரில் சமரசத்துக்கு வந்தது. வான்கோழி, வாத்து இறைச்சிக்கும் சில பெர்ரிப் பழங்களுக்கும் இந்தியா வரியைக் குறைத்தது.

ஜெனீவாவில் இந்தியா தோற்ற அதே விதி நாமக்கல்லுக்குத் தேவையான விதி. கேரளத்தில் நோய் கண்டால் நாமக்கல் முட்டையைத் தடுக்கக் கூடாது என்று ஏற்றுமதியாளர்கள் வாதிட, அதுவே சட்ட அடிப்படை. உலக விலங்கு நல அமைப்பின் நெறிகளின்படி, தமிழ்நாடு உள்ளிட்ட 4 மாநிலங்களில் 26 கோழிப்பண்ணைத் தொகுதிகள் நோயற்றவை என்ற இந்தியாவின் அறிவிப்பு 2023இல் ஏற்கப்பட்டது.

புவிசார் குறியீடு

அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டுக்கு இணங்க இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது; 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. சேலம் வெண்பட்டு முன்னரே பதிவு பெற, சேலம் ஜவ்வரிசி 2023இல் பெற்றது. மக்காச்சோள மாவு கலந்த சரக்கை அப்பெயரில் விற்பதைத் தடுக்க இது ஒரு சட்டக் கருவி.

இன்றைய நிலை

நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா இசையாததால் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பர் முதல் செயலற்றுள்ளது. 2025 ஜூனில் நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி முட்டைகள் முதன்முறையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரியை விதித்தது. முந்தைய நாள்களில் இந்தியா மீது வழக்குத் தொடுக்க உதவிய மன்றம், அந்த வரியை எதிர்த்து இறுதித் தீர்ப்புப் பெற இந்தியாவுக்கு உதவும் நிலையில் இருக்கவில்லை. முட்டை, துணி ஏற்றுமதியாளர்கள் இப்போது நம்பியிருப்பது நாடுகளுக்கிடையே தனித்தனியாக நடக்கும் பேச்சுவார்த்தைகளை.