வாலாஜாபாத் ரயில் பாதையும் ஒரு பி.எச்.டி. கதையும்

செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் வாலாஜாபாத்தைத் தாண்டித்தான் காஞ்சிபுரம் சேரும். 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர் சி.எஸ். சேஷாத்ரி, உலகறிந்த கணித மேதை. பெயரில் இருக்கும் 'சி' வேறொன்றுமில்லை, பழைய 'கான்ஜீவரம்' தான்!

பி.எச்.டி. என்றால் ஒரு கைடு, ஒரு தலைப்பு, தடிமனாக ஒரு தீசிஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சேஷாத்ரி படித்த விதம் வேறு. அதன் அருமை தெரிய ராமானுஜனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். பணம் வந்தது, ஆனால் உட்கார்ந்து விவாதிக்க இங்கே ஆட்கள் மிகக் குறைவு. 1914ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார்.

நாற்பது வருடம் கழித்து, 1953ல், சேஷாத்ரியும் அவருடைய லயோலா கல்லூரி நண்பர் எம்.எஸ். நரசிம்மனும் பம்பாய் போனார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னவர் அவர்களுடைய ஆசிரியர், பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன். அங்கே கணிதப் பிரிவை நடத்தியவர் கே. சந்திரசேகரன். வெளிநாட்டு மேதைகளை வரவழைத்து வாரக்கணக்கில் பாடம் நடத்த வைத்தார். கேட்ட பாடத்தை மாணவர்களே எழுத வேண்டும்; அது புத்தகமாக அச்சாகும். 1950ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற லோரான் ஷ்வார்ட்ஸ் நடத்திய பாடத்தை 1955ல் எழுதியவர் நரசிம்மன். ஊரே படிக்கப்போகும் குறிப்பை எழுதுகிறவன் புரிந்ததுபோல் நடிக்க முடியுமா?

அப்போது அந்த நிறுவனத்துக்குப் பட்டம் தரும் உரிமை கிடையாது. சேஷாத்ரிக்கு 1958ல் பட்டம் கொடுத்தது பம்பாய் பல்கலைக்கழகம். 1965ல் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வெளியிட்ட நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கைடு மட்டுமில்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பனும் ஆராய்ச்சியில் முக்கியம்.

1984ல் சேஷாத்ரி சென்னைக்குத் திரும்பினார். 1989ல் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் பிற்பாடு சென்னை கணிதவியல் கழகம் ஆனது. அது இப்போது இருப்பது செங்கல்பட்டு மாவட்டம் சிறுசேரியில். 2020ல் அவர் காலமானார்.

2009ல் யு.ஜி.சி. எல்லாப் பாடத்துக்கும், வணிகவியல் உட்பட, பி.எச்.டி.யில் 'கோர்ஸ் வொர்க்'கைக் கட்டாயமாக்கியது. அதை வெறும் அட்டெண்டன்ஸ் கணக்காக முடித்துவிடுவது சுலபம். ஆனால் பம்பாயில் அந்த வகுப்புகள்தான், கேம்பிரிட்ஜ் போகாமலே, இரண்டு தமிழ்ப் பையன்களை ஆராய்ச்சியாளர்கள் ஆக்கின.